ஏணி தேவைப்படாதவர் போட்டுக் கொடுத்த ஏணி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"அரசியலில் பெண்கள்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு ரொம்பப் பெரிசு. பத்துப் பேர் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கினால், சாப்பாட்டுப் பந்திக்குப் போறதுக்குள்ள மறந்துபோயிடும். அதனால ஒரே ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசப்போறேன். அவர் பெயர் கீதா முகர்ஜி. நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பிரதமராக இருந்தவர் இல்லை, முதலமைச்சராக இருந்தவர் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர், அவ்வளவுதான். ஆனால் ஏழு முறை நாடாளுமன்ற உறுப்பினர்.

அவர் மேற்கு வங்காளத்துக்காரர். 1924ஆம் வருஷம் ஜனவரி 8ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். நாடு அப்போது வெள்ளைக்காரன் கையில் இருந்தது. படிக்கிற காலத்திலேயே மாணவர் சங்கத்தில் சேர்ந்து வேலை செய்தார். 1942இல் பிஸ்வநாத் முகர்ஜி என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் மேதினிப்பூர் மாவட்டத்தில் விவசாயிகளுக்காக வேலை செய்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கீதாவும் அதே கட்சிதான், கடைசி வரைக்கும். கட்சியைப் பற்றி இங்கே நான் பேச வரலை. நம்ம கூட்டமைப்பில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கீங்க. அந்தப் பெண் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பேச வந்திருக்கேன்.

அந்த மேதினிப்பூர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். 1942 செப்டம்பரில் அங்கே தம்லுக் என்ற ஊரில், மாதங்கினி ஹஸ்ரா என்ற எழுபது வயது தாண்டிய விதவைப் பெண், கையில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போனார். போலீஸ் சுட்டது. கொடியை விடாமலே கீழே விழுந்து செத்தார். அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் சோறில்லாமல் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட இடத்தில் பொதுவேலைக்கு வந்தவர் கீதா.

தம்லுக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பான்ஸ்குரா. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிற ரயில், கரக்பூர் தாண்டி ஹவுராவைத் தொடுறதுக்கு முன்னால் அந்த ஊர் வழியாகத்தான் போகும். நெல் விளையும், பூ விளையும். பக்கத்தில் ஆறு ஓடுது, மழைக்காலத்தில் வெள்ளமும் வரும். நம்ம ஊர் மாதிரிதான் என்று வச்சுக்கோங்க. அந்தப் பான்ஸ்குரா பகுதியிலிருந்து 1967இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1977 வரைக்கும் நாலு முறை எம்.எல்.ஏ. அதற்கப்புறம் 1980இல் பான்ஸ்குரா மக்களவைத் தொகுதியில் நின்று ஜெயித்து டெல்லி போனார். 1984இல் ஜெயித்தார். 1989, 1991, 1996, 1998, 1999 என்று எல்லாத் தேர்தலிலும் அதே தொகுதியில் ஜெயித்தார். இருபது வருஷம். ஆட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், பான்ஸ்குரா ஜனங்கள் மட்டும் இந்த அம்மாவை மாற்றவில்லை.

இப்போ ஒன்றைக் கவனிங்க. அந்தத் தொகுதி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதி கிடையாது. மக்களவையில் அப்படி ஒரு ஒதுக்கீடே அன்றைக்கு இல்லை. ஆம்பளைகளோடு போட்டி போட்டுத்தான் ஏழு முறையும் ஜெயித்தார். 1980இல் அவர் டெல்லிக்குப் போனபோது, நாடு முழுக்க ஜெயித்த பெண்கள் 28 பேர்தான். ஒரு பெட்டி ரயிலில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிடலாம், அவ்வளவு பேர்.

இந்த இடத்தில் ஒருத்தர் என்ன நினைப்பார்? "நான் என் திறமையில் மேலே வந்தேன். யார் தயவும் எனக்கு வேண்டியிருக்கலை. மற்றவளும் அப்படியே வரட்டுமே" என்று நினைக்கலாம். நம்ம குழுக்களிலேயே இந்தப் பேச்சு உண்டு. "நான் கஷ்டப்பட்டுத்தானே லோன் வாங்கி முன்னுக்கு வந்தேன், புதுசா வர்றவளும் கஷ்டப்படட்டும்" என்று சொல்றவங்க இருக்காங்க. மாமியார்கள் மருமகளிடம் சொல்வதும் இதைத்தான். கீதா முகர்ஜி அப்படி நினைக்கலை. தான் ஏணி இல்லாமல் சுவர் ஏறி வந்தவர், மேலே போய் உட்கார்ந்ததும் மற்றவர்களுக்கு ஏணி போடணும் என்று வாழ்க்கையின் கடைசி வருஷங்களைச் செலவழித்தார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1989இல், தர்மபுரியில் நம்ம மாதிரி சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின அதே வருஷம், பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் கொடுக்கிற சட்டத் திருத்தம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. மக்களவையில் ஜெயித்து, மாநிலங்களவையில் தோற்றுப்போனது. திரும்ப 1992இல் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். 1993 ஏப்ரல் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 73ஆவது திருத்தம் என்று அதற்குப் பெயர். அதன்படி கிராமப் பஞ்சாயத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. நம்ம தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்தது அதனால்தான். பிறகு 2016இல் தமிழ்நாட்டில் அது பாதி இடமாக உயர்ந்தது.

ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் உட்காரலாம் என்றால் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஏன் உட்காரக்கூடாது? இந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் முன்வரிசையில் இருந்தவர் கீதா முகர்ஜி. இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். அதனால் நாடாளுமன்றத்துக்குள்ளேயும் பேசினார், வெளியே பெண்கள் இயக்கங்களோடும் நின்றார்.

1996இல் தேவகவுடா பிரதமர். அந்த வருஷம் செப்டம்பர் 12ஆம் தேதி, மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. அந்தச் சபையில் 543 பேரில் பெண்கள் 40 பேர்தான். மிச்சமுள்ள ஐந்நூறு ஆம்பளைகளுக்கு ஒரே கவலை. மசோதாப்படி ஒதுக்கப்படும் தொகுதிகள் சுழற்சி முறையில் மாறும். "நாளைக்கு என் தொகுதியே பெண்கள் தொகுதியாயிட்டா நான் எங்கே போவேன்?" வெளியே யாரும் இதைச் சத்தமாகச் சொல்லலை. ஆனால் மசோதா நகரலை. அப்படி நகராத ஒன்றை என்ன செய்வார்கள்? குழுவுக்கு அனுப்புவார்கள். இரண்டு அவைகளிலிருந்தும் சேர்த்து 31 பேர் கொண்ட கூட்டுக் குழு போட்டார்கள். அதற்குத் தலைவராகக் கீதா முகர்ஜியை நியமித்தார்கள்.

ஒரு விஷயத்தைக் கிடப்பில் போடணும் என்றால் கமிட்டி போடு என்று பழைய பேச்சு உண்டு. எத்தனையோ குழுக்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுந்திருக்கின்றன. இந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? செப்டம்பர் 12இல் வந்த மசோதாவுக்கு டிசம்பர் 9ஆம் தேதி அறிக்கை கொடுத்துவிட்டார். மூன்று மாசம்கூட முழுசாக இல்லை. 88 நாள். அந்த 31 பேரும் வேறு வேறு கட்சி. மசோதாவை அப்படியே வேணும் என்றவர்களும் இருந்தார்கள், இப்படியே வந்தால் ஒத்துக்கமாட்டோம் என்றவர்களும் இருந்தார்கள். பதினைந்து பேர் இருக்கிற நம்ம குழுவில் ஒரு உள்கடன் யாருக்கு முதலில் என்று முடிவு செய்யவே இரண்டு கூட்டம் ஆகுது. 31 அரசியல்வாதிகளை உட்கார வைத்து, பேச விட்டு, கேட்டு, கடைசியில் ஒரு காகிதத்தில் கொண்டுவந்து நிறுத்துறது எப்பேர்ப்பட்ட வேலை என்று நமக்குத்தான் நல்லாத் தெரியும்.

அந்த அறிக்கையில் ஏழு பரிந்துரைகள் இருந்தன. கொஞ்சம் சட்டப் பேச்சு மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க. நான் எளிமையாச் சொல்றேன்.

மசோதாவில் முதலில் "மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல்" என்று இருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்ல இடமிருக்கு என்று குழு கருதியது. நாளைக்குக் கோர்ட்டில் போய் நின்றால் இழுபறி ஆகும். அதனால் "இயன்றவரை மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக" என்ற பொருளில் வேறு வார்த்தையைப் போடச் சொன்னார்கள். நம்ம துணைவிதியில் "மாதம் ஒரு முறை கூட்டம்" என்று எழுதுறதுக்கும் "மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம்" என்று எழுதுறதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல? சண்டை வருகிற அன்றைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். அதை முன்கூட்டியே பார்த்தார்கள்.

அடுத்து, மூன்று எம்.பி. தொகுதிகூட இல்லாத சின்ன மாநிலங்கள். ஒரே ஒரு தொகுதி இருக்கிற மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்படிக் கொடுப்பது? கணக்கு இடிக்குதே என்று மசோதா அவற்றை விட்டுவிட்டது. விடக்கூடாது, அங்கேயும் வழி செய்யணும் என்றது குழு. டெல்லி சட்டமன்றத்தையும் சேர்க்கணும் என்றது. ஆங்கிலோ இந்தியர் இடங்களுக்கும் வழி சொன்னது. ஒதுக்கீடு பதினைந்து வருஷத்துக்கு இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காலமும் குறித்தது. மாநிலங்களவையிலும் சட்ட மேலவைகளிலும் பெண்களுக்கு இடம் ஒதுக்க வழி காணணும் என்றது.

இன்னும் ஒரு பரிந்துரை. அதை நான் ஒளிக்காமல் சொல்லணும், ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேருக்கு அது சொந்த விஷயம். பட்டியல் சாதி, பழங்குடிக்கு ஏற்கெனவே தனித்தொகுதிகள் இருப்பதால், அதற்குள் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சமூகத்துப் பெண்களுக்கு என்று மசோதாவிலேயே இருந்தது. பிற்படுத்தப்பட்ட சமூகத்துப் பெண்களுக்கு அப்படி இல்லை. "இந்தச் சட்டம் வந்தால் படித்த, பட்டணத்து, மேல்தட்டுப் பெண்கள்தானே உள்ளே போவாங்க, எங்க வீட்டுப் பெண்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று பலர் கேட்டார்கள். குழுவுக்குள்ளேயும் இந்தக் குரல் இருந்தது. சிலர் இதை மசோதாவைத் தடுக்கிறதுக்கு ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி என்பதும் உண்மை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண் பெண் யாருக்குமே அரசியல் சட்டத்தில் ஒதுக்கீடு இல்லை. அதனால், அப்படி ஒன்று வரும்போது அந்தப் பெண்களுக்கும் அதில் பங்கு தரவேண்டும் என்று குழு எழுதி வைத்தது. அந்தக் கேள்வி இன்றைக்கும் தீரலை.

அறிக்கை கொடுத்தாச்சு. உடனே சட்டம் ஆயிருக்குமே என்றால், ஆகலை. அரசியல் சட்டத்தைத் திருத்தணும் என்றால் சாதாரணப் பெரும்பான்மை போதாது. சபையின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஆதரவு வேணும், அதோடு அன்றைக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேணும். அன்றைய அரசு பல கட்சிகள் சேர்ந்த அரசு, அதற்குள்ளேயே ஒத்துமை இல்லை. 1997 டிசம்பரில் மக்களவையைக் கலைத்தார்கள். மக்களவை கலைந்தால் அதில் கிடப்பிலிருக்கும் மசோதாவும் செத்துப்போகும். குழுவைக் கலைத்துவிட்டால் நிலுவையிலிருந்த மனுவை யாரிடம் கொடுப்பது? அந்த மாதிரி.

1998இல் வாஜ்பாய் அரசு வந்தது. சட்ட அமைச்சர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், தம்பிதுரை. ஜூலை மாதம் அவர் மசோதாவைக் கொண்டுவரப் போனபோது, ஒரு உறுப்பினர் சபை நடுவே பாய்ந்துவந்து காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். நாடே பார்த்தது. பெண்களுக்கு இடம் கொடு என்று எழுதிய காகிதத்துக்கே அந்தச் சபையில் இடம் கிடைக்கலை. அந்த வருஷக் கடைசியில் ஒருவழியாக அறிமுகம் செய்தார்கள். 1999இல் அந்த மக்களவையும் கலைந்தது, மசோதாவும் போனது. திரும்பத் தேர்தல். கீதா முகர்ஜி ஏழாவது முறையாக ஜெயித்தார். டிசம்பரில் மூன்றாவது தடவையாக மசோதாவைக் கொண்டுவந்தார்கள். திரும்பவும் கூச்சல், திரும்பவும் ஒத்திவைப்பு.

2000ஆவது வருஷம் மார்ச் 4ஆம் தேதி கீதா முகர்ஜி மாரடைப்பில் காலமானார். வயது 76. எம்.பி.யாக இருக்கும்போதே போய்விட்டார். இன்னும் நாலு நாள் இருந்தால் மகளிர் தினம். தான் தலைமை தாங்கி அறிக்கை எழுதின மசோதா சட்டமானதை அவர் பார்க்கலை.

இங்கே நிறுத்தினால் இது தோற்றுப்போன கதை. ஆனால் இங்கே நிற்கலை.

2008இல் மன்மோகன் சிங் அரசு இந்த மசோதாவைத் திரும்ப எடுத்தது. இந்தத் தடவை மக்களவையில் வைக்காமல் மாநிலங்களவையில் வைத்தார்கள். ஏனென்றால் மாநிலங்களவை கலையாத சபை, அங்கே கிடக்கும் மசோதா தேர்தல் வந்தாலும் சாகாது. பட்ட அனுபவத்தில் வந்த புத்தி. எந்த அறிக்கையை வைத்து மசோதாவைத் திருத்தி எழுதினார்கள்? கீதா முகர்ஜி குழுவின் 1996ஆம் வருஷ அறிக்கையை வைத்துத்தான். ஏழு பரிந்துரைகளில் ஐந்தை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். 2010 மார்ச் 9ஆம் தேதி, 186 ஓட்டு ஆதரவு, ஒரே ஒரு ஓட்டு எதிர்ப்பு என்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பிறகு மக்களவைக்குப் போய் அங்கே எடுக்கப்படாமலே கிடந்து, 2014இல் அந்தச் சபையோடு அதுவும் காலாவதியானது.

கடைசியில் 2023. செப்டம்பர் 20ஆம் தேதி மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. மறுநாள் மாநிலங்களவையில் 214 பேர் ஆதரவு, எதிர்ப்பே இல்லை. அந்த மாதம் 28ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டவரும் ஒரு பெண், ஒடிசாவின் பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த திரௌபதி முர்மு. 106ஆவது திருத்தச் சட்டம். 1996இலிருந்து எண்ணினால் 27 வருஷம். அன்றைக்குப் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணம் ஆகி, நம்ம குழுவில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கும்.

அந்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. "இயன்றவரை மூன்றில் ஒரு பங்கு" என்ற அதே வார்த்தை அதில் இருக்கு. பதினைந்து வருஷக் காலவரம்பு இருக்கு. டெல்லி சட்டமன்றம் சேர்க்கப்பட்டிருக்கு. 1996இல் ஒரு அறையில் உட்கார்ந்து வாதம் பண்ணி எழுதி வைத்த வார்த்தைகள். எழுதினவர் போய் 23 வருஷம் ஆனபிறகு, இந்திய அரசியல் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. மேடையில் பேசின பேச்சு காற்றில் போயிருக்கும். தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நின்றது.

அதனால்தான் நம்ம தீர்மான நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும் என்று நினைக்கிறேன். கூட்டம் முடிந்த அப்புறம் "நீங்களே எழுதிக்கோங்கம்மா" என்று வெத்துத் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்புற பழக்கம் பல குழுவில் இருக்கு. யார் என்ன சொன்னாங்க, எதை ஏற்றுக்கொண்டோம், யார் ஒத்துக்கலை, எல்லாம் அதில் இருக்கணும். ஒத்துக்காதவங்க சொன்னதும் இருக்கணும். தண்ணீர்க் குழாய் வேணும் என்று நீங்க போன வருஷம் பேசினது யாருக்கு ஞாபகம் இருக்கும்? நோட்டில் தேதியோடு இருந்தால் அடுத்த நிர்வாகிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பாங்க. நாம பதவியில் இல்லாதபோதும் நம்ம வேலை நடக்கும்.

சரி, சட்டம் வந்தாச்சு, நாளைக்கே நாற்காலி கிடைச்சிடுமா? இல்லை. சட்டத்திலேயே சொல்லியிருக்காங்க. அது வந்த பிறகு எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகி, அதை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்த பிறகுதான் ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும். 2024 மக்களவைத் தேர்தலில் ஒதுக்கீடு இல்லாமல் நின்று ஜெயித்த பெண்கள் 74 பேர். 543இல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 181 பேர் வேணும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 இடம், மூன்றில் ஒரு பங்கு 78. 2021 தேர்தலில் ஜெயித்த பெண்கள் 12 பேர். இந்தக் கணக்கை நம்ம வரவு செலவு நோட்டு மாதிரி பார்த்தால், எவ்வளவு நிலுவை என்று தெரியும்.

அந்த நிலுவை ஒரு நாள் வசூலாகத்தான் போகுது. அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் உட்காரப் போறாங்க என்பதுதான் என் கவலை. கட்சித் தலைவர் வீட்டுப் பெண்ணா, பணக்காரர் மனைவியா, இல்லை மழையில் ஒழுகுற ரேஷன் கடையில் வரிசையில் நின்ற பெண்ணா?

பஞ்சாயத்தில் நாம பார்த்திருக்கோம். தலைவி என்று போர்டில் பெயர் இருக்கும். நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். வீட்டுக்காரர் காசோலைப் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துவந்து, "இங்கே போடு" என்பார். என்ன செலவு என்று கேட்டால், "உனக்கு எதுக்கு அது?" என்பார். அதே சமயம், முதல் வருஷம் வாய் திறக்காமல் இருந்து, இரண்டாவது வருஷம் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்து, மூன்றாவது வருஷம் பி.டி.ஓ. ஆபீஸில் போய்த் தனியாக நின்று பேசின தலைவிகளும் இருக்காங்க. அவங்களில் பலர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகினவங்க. அது சும்மா வந்ததில்லை. வங்கி மேலாளரிடம் பேசிப் பேசிப் பயம் போயிருக்கு. தணிக்கையில் பதில் சொல்லிச் சொல்லிப் பேச்சு வந்திருக்கு.

கீதா முகர்ஜியும் எடுத்த எடுப்பில் டெல்லிக்குப் போகலை. மாணவர் சங்கத்தில் செயலாளராக வேலை செய்தார். கட்சிக்குத் தடை போட்டபோது சிறைக்குப் போனார். பத்து வருஷம் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார். அதற்கப்புறம்தான் நாடாளுமன்றம். கணவர் குடும்பம் அரசியல் குடும்பம்தான், கணவரின் அண்ணன் அஜய் முகர்ஜி மாநிலத்தின் முதலமைச்சராகவே இருந்தவர், ஆனால் வேறு கட்சி. அந்த நிழலில் கீதா நிற்கலை. அவர் பெயரில்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், அவரேதான் பேசினார், அவரேதான் கையெழுத்துப் போட்டார்.

அதனால கூட்டமைப்பு நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை நடக்குது. எண்ணிக்கை காட்ட நம்மளைத்தான் கூப்பிட்டு உட்கார வைக்கிறாங்க. கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பி வராதீங்க. முந்தின வாரமே குழுவில் பேசி, ஒரு கோரிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு போங்க. அதைத் தீர்மானமாகப் பதிவு பண்ணச் சொல்லுங்க. பதிவு பண்ணினதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. எந்த வார்த்தையில் எழுதியிருக்காங்க என்று பாருங்க. "பரிசீலிக்கப்படும்" என்பதற்கும் "செய்து தரப்படும்" என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

நம்மில் யாராவது ஒருத்தி வார்டு உறுப்பினருக்கு நிற்கிறேன் என்று வந்தால், "இவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று முதலில் சொல்றது நம்ம வாயாக இருக்கக்கூடாது. அவள் என்ன சாதி, எந்தக் கட்சி என்று பார்ப்பதற்கு முன்னால், கணக்கு ஒழுங்கா எழுதினவளா, கூட்டத்தில் எல்லாரையும் பேச விட்டவளா என்று பாருங்க. ஜெயித்து வந்தால் அவளோடு போய் நில்லுங்க. முதல் கூட்டத்துக்கு வீட்டுக்காரர் துணைக்கு வந்தால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார வையுங்க.

பதவி முடிந்து இறங்குகிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே ரெண்டு, மூணு முறை ஊக்குநராக இருந்தவங்க இருக்கீங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும், எந்த ஆபீஸில் எந்த மேசைக்குப் போகணும் என்பது வரைக்கும் தெரியும். அதை அடுத்து வர்றவளுக்குச் சொல்லிக்கொடுங்க. கூடவே கூட்டிட்டுப் போங்க. ஏழு முறை ஜெயித்த ஒரு பெண்மணிக்கு ஒதுக்கீடு தேவைப்படலை. ஒருவேளை அந்தச் சட்டம் அன்றைக்கே வந்திருந்தாலும் அவருக்கு அதனால் புதுசாக ஒரு லாபமும் இல்லை. வரப்போகிற, முகம்கூடத் தெரியாத பெண்களுக்காகத்தான் அந்த வயசில் அந்தக் குழுவில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகச் சரி பார்த்தார். அந்த முகம் தெரியாத பெண்களில் நாமும் உண்டு.